குளிர் கீழேருந்து வரும், மாப்ளே

பாளையங்கோட்டை
மார்கழி 6

அன்பு மாப்ளைக்கு,

ஐப்பசியில நீ போட்ட லெட்டருக்கு மார்கழியில பதில் எழுதுறேன். திட்டணும்னா திட்டிக்கோ, முழுசும் படிச்சிட்டுத் திட்டு. இங்க எல்லாரும் சுகம். தங்கச்சிக்கு முட்டுவலி பரவாயில்லையா? ஜமுக்காளத்தார் ரிட்டயர் ஆயிட்டார். பிரிவு விழாவுலயும் அந்த மூணாவது முடிச்சுக் கதையைத்தான் எடுத்து விட்டாராம். உன் பேரு ரெண்டு தடவை வந்துச்சாம். சந்தோசப்படு.

விசயத்துக்கு வாரேன். நேத்து சின்னவன் போன்ல உன் சாரணர் முகாம் லிஸ்ட்டைக் காட்டினான். மூணு அணி, அணிக்கு எட்டுப் பேரு, ஆக 24 பிள்ளைக. தை மாசம் மூணு ராத்திரி, கொடைக்கானல் மலையில பூம்பாறைக்கு மேலே ஒரு தோட்டத்துல கூடாரம். ஆளுக்குப் போர்வை 1, ஸ்வெட்டர் 1, பெட்ஷீட் 1. கடைசி வரியில "இரவு முகாம் தீ". ஏலே, இது நம்ம அடிவாரத்துப் பாபநாசத்துக்குப் போற லிஸ்ட்டுலே! கூப்பிட்டுச் சொன்னா "சரி சரி"ன்னு வச்சிருவே. அதான் பேனாவை எடுத்தேன்.

மாஞ்சோலையை விட்டுட்டு இதைப் பிடிச்சது நல்லது. அது 1988-லருந்து புலிகள் காப்பகம், அங்க ராத்திரி கூடாரம்னா வனத்துறை பேச்சே எடுக்க விடாது. தனியார் நிலம்னா எழுத்துல ஒப்புதல் வாங்கிக்கோ. தோட்டத்துலருந்து காட்டுக்குள்ள ஒரு நடை போயிட்டு வரலாம்னு மட்டும் நினைக்காதே. 2018 மார்ச்ல குரங்கணிக் காட்டுத்தீயில மலையேறப் போனவங்களுக்கு நடந்தது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அனுமதி இல்லாம பிள்ளைகளை மலையேத்துற காலம் அதோட போச்சு. வேனுக்கு இ-பாஸ் மறந்துராதே.

இப்பம் கணக்கைப் பாரு. தையில நம்மூர்ல விடியக்காலம் 22 டிகிரி. அதுக்கே நம்ம பிள்ளைக கழுத்து வரைக்கும் இழுத்துப் போர்த்துவானுக. ஆயிரம் மீட்டர் ஏறினா ஆறு ஆறரை டிகிரி குறையும். நீ போற இடம் ரெண்டாயிரத்தை ஒட்டி. ஆக 9 டிகிரி. அதுவும் மேகம் இருந்தா. வானம் தெளிஞ்சு காத்தும் அடங்கிட்டா தரையில உள்ள சூடு எல்லாம் மேலே போயிரும், பள்ளத்துல உறைபனியே விழும். தைப் பனி தரையைத் துளைக்கும்னு சும்மாவா சொன்னான். சாரணர் இயக்கத்தை ஆரம்பிச்ச பேடன்-பவல் 1907-ல இங்கிலாந்துல பிரவுன்சீ தீவுல முதல் முகாம் போட்டது எந்த மாசம்? ஆகஸ்ட்! வெள்ளைக்காரனே கோடை பாத்துத்தான் போனான், நீ தை பாத்துப் போறே.

போகாதேன்னு சொல்லலை. போ. ஆனா அந்த லிஸ்ட்டு மேலேருந்து வர்ற குளிருக்கு எழுதினது. குளிர் கீழேருந்துதான் வரும். படுத்திருக்கிற பிள்ளையோட முதுகுச் சூட்டை ராத்திரி முழுக்கத் தரை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். மேலே எத்தனை போர்வை போட்டாலும் கீழே உள்ளது உடம்பு பாரத்துல நசுங்கி, காத்தெல்லாம் வெளிய போயிரும். காத்து இல்லைன்னா கம்பளியும் வெறும் துணிதான். அதனால காசு இருந்தா முதல்ல கீழே போடு, அப்புறமா மேலே.

அடியில தார்பாய். அது ஈரத்துக்கு மட்டும், குளிருக்கு இல்லை. அதுமேலே பேக்கிங் கடையில விக்கிற வெள்ளை ஃபோம் ஷீட்டு, 10 மி.மீ. கனம். 1.2 மீட்டர் அகல ரோலா கிடைச்சா நடுவுல கீறிக்கோ, ஆளுக்கு 60 செ.மீ. ஒண்ணரை மீட்டருக்கு மேலே நீளம் வேண்டாம், சின்னப் பிள்ளைகதானே. 20 மீட்டர் வாங்கினா 24 பேருக்கும் போதும். அதுமேலே கோரைப்பாய். பத்தமடைப் பட்டுப்பாய் கேட்டுட்டு நிக்காதே, அது கோரையைக் கிழிச்சு நூலா நெய்யிறது, கல்யாணத்துக்கு ஆகும். நமக்கு வேண்டியது கிழிக்காத முரட்டுக் கோரை. அந்தத் தண்டுக்குள்ள பஞ்சு மாதிரி உள்ள சோத்தியில காத்து நிக்கும், அதுதான் நமக்கு வேலை செய்யும். ஆளுக்கு ரெண்டு. சாக்குல வைக்கோல் அடைக்கிறது இதை விட நல்லதுதான், ஆனா அதை ஏத்த தனி வண்டி வேணும், தீக்கும் பக்கத்துல ஆகாது. வேண்டாம்.

போர்வை ஒண்ணு பத்தாது, கம்பளியா ரெண்டு. வாடகைத் தூக்கப்பை (ஸ்லீப்பிங் பேக்) எடுக்கிறதா இருந்தா, எத்தனை டிகிரி குளிர் தாங்கும்னு அதுல போட்டிருக்கிற ரெண்டு நம்பர்ல பெரிசைத்தான் நம்பணும். சின்னது வளந்த ஆம்பளை சுருண்டு படுத்து ராத்திரியை ஓட்டுறதுக்கு உள்ள நம்பர். எனக்குக் கேட்டா கம்பளியே போதும், மடிக்கத் தெரிஞ்சா. நீ மறந்திருப்பே, அதனால எழுதுறேன். முதல் கம்பளியைப் பாய்மேலே விரி. ரெண்டாவதை அதோட சரிபாதியிலருந்து ஆரம்பிச்சு வலப்பக்கம் பாதி வெளியே கிடக்கிற மாதிரி போடு. ரெண்டும் ஒண்ணுமேலே ஒண்ணு கிடக்கிற நடுப்பட்டையில பிள்ளை படுக்கணும். இடப்பக்கம் மிச்சம் கிடக்கிற முதல் கம்பளியை அவன்மேலே மூடு. வலப்பக்கம் உள்ள ரெண்டாவதை அதுக்கு மேலே மூடு. இப்பம் கீழே ரெண்டு, மேலே ரெண்டு, எந்தப் பக்கம் புரண்டாலும் வாய் திறக்காது. கால்மாட்டை ஒரு முழம் அடியில மடக்கி விட்டு, பெரிய ஊக்கு ரெண்டு கால்மாட்டுல, ரெண்டு முழங்கால் வரைக்கும் பக்கத்துல. அதுக்கு மேலே ஊக்கு குத்தாதே, ராத்திரி அவசரம்னா வெளிய வரணும். பெட்ஷீட்டை உள்ளே உறை மாதிரி விரி. இதைப் பள்ளிக்கூட வராந்தாவுல மூணு நாளு, இருட்டுல, டார்ச் இல்லாம செஞ்சு பழகச் சொல்லு. அணித்தலைவன் சின்னவனுக்குப் போட்டு விடுறதை ஏத்துக்கிடாதே, அவனவன் படுக்கையை அவனவனே போடணும்.

துணி. பருத்தி பகலுக்குச் சரி, ராத்திரிக்குச் சத்துரு. வேர்வையைக் குடிச்சு வச்சுக்கிட்டு விடியுற வரைக்கும் விடாது. பகல் பூரா ஓடின பனியனோட பிள்ளை படுத்தான்னா ஈரத்துணிக்குள்ள படுத்த மாதிரி. ஒம்பது மணிக்கு உள்ளாடை, சாக்ஸ் உட்பட எல்லாத்தையும் மாத்தணும். படுக்கிற சாக்ஸ் தனியா ஒரு பிளாஸ்டிக் கவர்ல, அதைப் போட்டுக்கிட்டு மண்ணுல கால் வைக்கக் கூடாது. யூனிஃபார்ம் அரை டவுசர் வெயில் ஏறின பிறகு கொடியேத்தத்துக்கு மட்டும். குரங்குக் குல்லா போட வெக்கப்படுவானுக, நீ முதல்ல போட்டுக்கிட்டு நில்லு, உன் மூஞ்சிக்கு அது ஒண்ணும் புதுசா இருக்காது. உடம்புச் சூட்டுல பாதி தலை வழியாப் போகுதுன்னு முகாமுக்கு முகாம் சொல்லுவாங்க, அது தப்பு. மத்ததெல்லாம் மூடியிருக்கிறதால திறந்திருக்கிற தலை தெரியுது, அவ்வளவுதான். ஆனாலும் மூடு.

இடம். பூம்பாறையில எல்லாம் படிப்படியான வயக்காடு. குளிர்காத்து கனமானது, ராத்திரி தண்ணி மாதிரி சரிவுல இறங்கி அடிப்படியில தேங்கும். தோட்டக்காரர் தண்ணிக்குப் பக்கம்னு கடைசிப் படியைத்தான் காட்டுவார். வேண்டாம்னு சொல்லு. நடுச்சரிவு, கிழக்கு பாத்தது, ஏழு மணிக்கு வெயில் கூடாரத்துல விழணும். யூக்கலிப்டஸ் மரத்தடி கூடாது, கொப்பு முறிஞ்சு விழும். சாப்பாட்டுச் சாமான் ஒண்ணும் கூடாரத்துக்குள்ள கூடாது, காட்டுமாடு ராத்திரி உலாத்துற ஊரு அது.

கூடாரத்தை இறுக மூடாதே. இதை யாருமே நம்ப மாட்டாங்க. எட்டுப் பேரு விடிய விடிய விடுற மூச்சுல ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணி வெளிய வரும், அது கூரையில பட்டுச் சொட்டி கம்பளியை நனைக்கும். மேலே உள்ள திறப்பு ரெண்டையும் ஒரு சாண் திறந்தே வை. ஈரத்துணியை உள்ளே காயப் போடாதே. பழைய கித்தான் கூடாரம்னா கயிறு பருத்தியா இருக்கும், பனியில நனைஞ்சா சுருங்கி முளையைப் பிடுங்கும், படுக்கப் போகும்போது கொஞ்சம் தளர்த்து. நைலான் அதுக்கு நேர் எதிர், தொய்யும்.

அடுத்தது சிரிக்காமப் படி. குளிருதுன்னு யாராவது ஒரு சட்டியில கரி அள்ளிக் கூடாரத்துக்குள்ள வச்சிருவான். பெரியவங்கதான் இதைச் செய்வாங்க, பிள்ளைக இல்லை. புகை இல்லாத கரிதான் ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, கண்ணு எரியாது. தலைவலி, குமட்டல், தூக்கம், அதோட சரி. திறப்பு இருக்கேன்னு சமாதானம் சொல்லாதே, அது பத்தாது. கரி, ஸ்டவ், கொசுவத்தி, எதுவும் கூடாரத்துக்குள்ள இல்லை, வேனுக்குள்ளயும் இல்லை. கிளம்புறதுக்கு முன்னால டிரைவர்கிட்டயும் சமையல்காரர்கிட்டயும் தனித்தனியா சொல்லு. முகாம் தீயையும் நம்பாதே. முன்பக்கம் வேகும், முதுகு விறைக்கும். அதைச் சுத்தி ஆடி வேர்த்துட்டு அப்படியே படுக்கப் போறதுதான் பத்து மணிக்கு நடுக்கத்துல முடியும். பாட்டு போதும், ஓட்டம் வேண்டாம்.

சாப்பாடு உனக்குத் தெரியும். நாலு மட்டும் சொல்றேன். இட்லி மாவு எடுத்துட்டுப் போகாதே, அங்க புளிக்காது, தயிரும் உறையாது. காலையில பொங்கல், உப்புமா. அந்த உயரத்துல தண்ணி 93 டிகிரிக்கே கொதிச்சிரும், திறந்த பாத்திரத்துல பருப்பு வேகவே வேகாது. ஊற வச்சு, குக்கர்லதான். கேஸ் சிலிண்டர் குளிர்ல தொடர்ந்து எரிஞ்சா பனி பூத்து தீ சுணங்கும், வெதுவெதுன்னு தண்ணியில நிறுத்து, அனல் காட்டிராதே. சொதி ஆசையெல்லாம் இறங்கி வந்து பாத்துக்கலாம். ஒம்பது மணிக்கு உடன்குடி கருப்பட்டி போட்ட சுக்குத் தண்ணி, ஆளுக்கு ரெண்டு கோவில்பட்டிக் கடலை மிட்டாய். கடலையும் வெல்லமும் உள்ளே இருந்தாத்தான் ராத்திரி உடம்பு எரிச்சுச் சூடு பண்ணும். குளிர்ல பிள்ளைக தண்ணி குடிக்க மாட்டானுக, ஒண்ணுக்கு மஞ்சளா போனா பிடிச்சு உக்காத்தி வெந்நீர் குடு. படுக்கிறதுக்கு முன்னால எல்லாரும் போயிட்டு வரணும். நடுவுல முட்டுச்சுன்னா சோடியா போகணும், அடக்கிட்டுக் கிடக்கிறவன்தான் படுக்கையை நனைப்பான். அதுக்கு ரெண்டு கம்பளி உபரி, சத்தமில்லாம மாத்தி விட.

அப்புறம் எவர்சில்வர் பாட்டில். ஒத்தைச் சுவர் உள்ளது, ஃபிளாஸ்க் இல்லை. ஃபிளாஸ்க் சூட்டைத் தனக்கே வச்சுக்கும். கை தாங்குற சூட்டுல தண்ணி ஊத்தி, மூடியை முறுக்கி, தலைகீழா பிடிச்சு ஒழுகலைன்னு பாத்து, சாக்ஸுக்குள்ள போட்டுக் கால்மாட்டுல.

இவ்வளவும் செஞ்சாலும் எனக்குள்ள கவலை வேற. பிள்ளை சொல்ல மாட்டான், மாப்ளே. சாரணன்னு ஸ்கார்ஃப் கட்டி விட்டுட்டோம், "குளிருதா?"ன்னு கேட்டா "இல்ல சார்"ன்னுதான் வரும். உடம்பு சின்னது, எடைக்கு மேல்தோல் பரப்பு சாஸ்தி, நம்மளை விடச் சீக்கிரம் சூட்டை விட்டிருவான். அதனால கேக்காதே, தொட்டுப் பாரு. கை சில்லுன்னு இருந்தா பெரிசில்லை. பிடரியில, சட்டைக்குள்ள கை வை. அது குளுந்திருந்தா எழுப்பு. பத்தரை, ஒண்ணு, நாலு, மூணு தடவை சுத்தணும், நாலு மணிச் சுத்துதான் முக்கியம். சந்தேகம்னா கட்டைவிரலால சுண்டுவிரலைத் தொடச் சொல்லு, சட்டைப் பட்டனைப் போடச் சொல்லு, நாலு முடிச்சுப் பேரு சொல்லச் சொல்லு. விரல் பின்னிச்சுன்னா, நாக்கு குழறிச்சுன்னா, அழாம பேசாம ஒதுங்கி உக்காந்தான்னா அவனுக்குக் குளிர் உள்ளே போயிருச்சு. நடுங்கிக்கிட்டு இருந்தவன் சூடு பிடிக்காமலே நடுக்கத்தை நிறுத்தினா, தேறிட்டான்னு நினைச்சு விட்டிராதே, அதுதான் மோசம். ஈரத்தை அவுத்து, காஞ்ச துணி, கீழே மூணு பாய், சுத்திலும் கம்பளி, அக்குள்லயும் நெஞ்சுலயும் துணி சுத்தின வெந்நீர்ப் பாட்டில். தெளிவா முழுங்க முடிஞ்சா இனிப்பா சூடா குடிக்கக் குடு. கைகாலைத் தேய்க்காதே, நடக்க வைக்காதே. பேச்சுத் தெளியலைன்னா விடியட்டும்னு காத்திருக்காம வண்டியை எடு. அதனால வேன் மூணு ராத்திரியும் அங்கதான் நிக்கணும், டிரைவர் இறங்கிப் போயிட்டு காலையில வாரேன்னு சொன்னா விடாதே. வீசிங் உள்ள பிள்ளையோட இன்ஹேலர் முதலுதவிப் பெட்டியில இருக்கக் கூடாது, அவன் கம்பளிக்குள்ள இருக்கணும்.

உன் லிஸ்ட்டுல பெரியவங்க ரெண்டு பேருன்னு இருக்கு. நாலு ஆக்கு. ரெண்டு பேரு மூணு ராத்திரி சுத்த முடியாது, ரெண்டாம் நாளே ஒருத்தன் உக்காந்துக்கிட்டே தூங்குவான். யாருன்னு நான் சொல்லலை.

பாய் 48, உபரி 6. பத்தமடையில நம்ம ஆளுகிட்ட சொன்னா பத்து நாள்ல எடுத்து வச்சிருவார். போகி வரைக்கும் இழுத்தடிக்காம இந்த வாரமே ஒரு கார்டு போடு. தங்கச்சியைக் கேட்டதா சொல்லு.

அன்புடன்,
உன் மூணாவது முடிச்சு

பி.கு.: தலைக்குத் தேங்காய் எண்ணெயை வாய் சின்ன பாட்டில்ல கொண்டு போகாதே. மேலே போனதும் கட்டியாயிரும், மூணு நாளும் குத்திக்கிட்டே இருப்பே. அகல வாய் டப்பா. உதட்டு வெடிப்புக்கும் அதுவே ஆகும்.