தம்பிக்கு

தம்பி,

சம்பா அறுத்தாயிற்று. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வந்தால்தான் கொள்முதல் நிலையத்தில் எடுப்பார்கள் என்று அப்பா தார்ப்பாயும் கையுமாகக் களத்திலேயே கிடக்கிறார். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

மேலத்தெரு சித்தி மகன் பொங்கலுக்கு வந்திருந்தான். உன் கம்பெனியில் வேலை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன், இந்தத் தடவை வாசலோடு போய்விட்டான். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு பெரியம்மா" என்றான். மறுநாள் சித்தி வந்து 5,000 ரூபாய் கைமாற்று கேட்டாள். கொடுத்தேன். எதற்கென்று கேட்கவில்லை.

நீயும் போன் எடுப்பதில்லை. வேலை இருக்கும், சரி.

தீபாவளிக்கு வந்தபோது அமெரிக்காவில் பங்கில் பணம் போட்டே பெரும் பணக்காரரான ஒமாஹா ஊர்ப் பெரியவர் பஃபெட்டைப் பற்றி விடிய விடியப் பேசினாயே. 1958-ல் 31,500 டாலருக்கு வாங்கின வீட்டிலேயே இருக்கிறார், ரொம்ப காலம் வருஷத்துக்கு ஒரு லட்சம் டாலர்தான் சம்பளம் எடுத்தார் என்று. அப்பாவுக்கு அந்தச் சிக்கனம் பிடித்துப்போயிற்று. எனக்குப் பிடித்தது வேறு. தன் கம்பெனிப் பங்கு வாங்கினவர்களை வருஷா வருஷம் தன் ஊருக்கே வரவழைத்து, பல வருஷம் மணிக்கணக்காக உட்கார்ந்து பதில் சொல்லி வந்தார் என்றாயே, அது.

1904-ல் கும்பகோணத்தில் ஆரம்பித்த பேங்க், சிட்டி யூனியன் என்று பெயர் மாறியும் தலைமை அலுவலகம் இங்கேதான். அந்தப் பங்கைத் தாத்தா கடைசிவரை விற்கவில்லை. "சந்தேகம்னா பஸ் ஏறிப் போய்க் கேட்டுடலாம்" என்பார். வட்டி ஜாஸ்தி என்று தேக்கு மரக் கம்பெனியில் பணம் போட்ட பெரியப்பா யாரைப் போய்க் கேட்டார்?

இப்போது மிஷின் அறுக்கிறது. அப்போதெல்லாம் கூலி நெல் அளந்து போட்ட பிறகுதான் நம் மூட்டை வண்டி ஏறும். மரக்காலைத் தலை தட்டாமல் அளக்கச் சொல்வார் தாத்தா. விளைச்சல் பொய்த்த வருஷமும் அந்த வரிசை மாறியதில்லை. ஊரே அப்படி என்று பெருமை பேச மாட்டேன். கூலி கூடக் கேட்டதற்கு 1968-ல் கீழவெண்மணியில் 44 உயிரைக் கொளுத்தியதும் இந்த டெல்டாதான். நம் வீட்டு வழக்கத்தைச் சொல்கிறேன். உன் ஆபீஸ் திறப்புக்கு வந்தபோது அத்தனை பிள்ளைகளுக்கும் நீ முதலாளி என்று எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

திடலை விற்கச் சொல்லி அப்பாவிடம் கேட்டாயாமே. பத்திரம் என் பேரில் இருக்கிறது. புதுக் கிளை, புது ஆபீஸ் என்றால் கையெழுத்துப் போட மாட்டேன். பாக்கிச் சம்பளத்துக்கு என்றால் நாளைக்கே ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வருகிறேன். எதற்கென்று நீயே என்னிடம் சொல்ல வேண்டும், அப்பா வழியாக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன், எடு.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா