மூங்கில் கறுத்ததற்குச் சாம்பல் காரணமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வியாசர்பாடியில் எங்கள் குடியிருப்பை ஒட்டிய பூங்காவில் பெரிய மூங்கில் குத்து ஒன்று இருக்கிறது. பொங்கலுக்கு அப்புறம் அதன் இலையெல்லாம் கறுத்துவிட்டன. கொடியில் காயும் துணியிலேயே கரி படிந்து பழகிய பகுதி இது, அதனால் அனல்மின் நிலையத்துச் சாம்பல்தான் என்று எல்லோரும் முடிவுகட்டினோம், நானும்தான். ஆனால் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. கீழே இருக்கும் சிமென்ட் பெஞ்சும் பாகு கொட்டியது மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் தண்டு முழுக்க வெள்ளைப் பஞ்சு, அதற்குள் அசுவினி என்ற சின்னப் பூச்சிகளின் கூட்டம், சுற்றிலும் எறும்பு வரிசை.

கரும்பில் வரும் பஞ்சு அசுவினிக்கு உறவுதான் இது. சாற்றை உறிஞ்சி, மிஞ்சும் சர்க்கரையைச் சொட்டுச் சொட்டாகக் கழிக்கிறது, அது விழுந்த இடத்தில் கரும்பூசணம் என்ற கறுப்புப் பூஞ்சை வளர்கிறது. பூசணம் இலைக்குள் போவதில்லை, மேலே படர்ந்து வெயிலை மறைக்கிறது, அவ்வளவுதான். ஆண் இல்லாமலே பெண் பூச்சி குஞ்சு போடும் என்பதால் கூட்டம் சீக்கிரம் பெருகிவிடும். மூங்கில் அசுவினிகளில் சூடோரெக்மா என்ற வகையில் காவலுக்கென்றே பிறக்கும் குஞ்சுகள் உண்டு. தடித்த முன்னங்காலும் தலையில் கொம்பும் கொண்டு எதிரியைப் பிடித்துக் குத்துகிற இவை கடைசிவரை வளர்ந்து பெரிதாவதே இல்லை. படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சரி, பூங்காவில் என்ன நடந்தது? பூங்காவைப் பராமரிப்பவர்கள் கடுமையான பூச்சிமருந்து அடித்தார்கள். சில வாரங்களில் பஞ்சு திரும்பி வந்துவிட்டது, அதைத் தின்றுகொண்டிருந்த பொறிவண்டுகளைத்தான் காணோம். 2002-இல் மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் கரும்பை வாட்டி, பிறகு தமிழ்நாட்டுக்கும் வந்த பஞ்சு அசுவினியை அடக்கியதில், அதைத் தின்னும் டைபா என்ற அந்துப்பூச்சியின் புழுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு, அந்த அனுபவம் நம் விவசாயிகளிடமே இருக்கிறது.

இப்போது குத்தையே வெட்டப்போவதாகச் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பஞ்சு அதிகமாக அப்பியிருக்கும் தண்டுகளை மட்டும் வெட்டி அப்புறப்படுத்துங்கள், மற்றவற்றில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், அப்புறம் வேப்ப எண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். குழாய் பிடிக்கக் குடியிருப்பிலிருந்து நாங்கள் நாலு பேர் வரத் தயார். பகல் முழுக்க அந்த நிழலில்தான் எங்கள் பெரியவர்கள் உட்காருகிறார்கள், இந்தப் பக்கம் அவர்களுக்கு வேறு நிழல் கிடையாது.

– ஒரு வாசகி, வியாசர்பாடி