பீட விரிப்பு தைத்த கைகளுக்கு

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாருக்கும் ஸ்தோத்திரம்.

அறுப்பின் பண்டிகையன்று பிரசங்க பீடத்துப் புது விரிப்பைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் என்னைப் பாராட்டினீர்கள். நான் படம் மட்டும்தான் வரைந்தேன். மற்றதெல்லாம் யார் செய்தது என்று சொல்லாமல் எனக்கு மனசு ஆறாது.

வேதாகமத்தில் யாத்திராகமம் 28-இல் பிரதான ஆசாரியரான ஆரோனுடைய அங்கியின் ஓரம் வருகிறதல்லவா? பொன்மணி, மாதளம்பழம், மறுபடியும் பொன்மணி, மாதளம்பழம். "ஊசி உள்ளே போய் வெளியே வர்ற மாதிரியே எழுதியிருக்கு, பாத்தியா மக்களே" என்று பெரியம்மா ஒருவர் சொன்னார்கள். வேலை தொடங்கியது அந்தப் பேச்சில்தான். அவர்களுடைய பாட்டி லேஸ் பின்னியவர். நாகர்கோவிலில் மிஷனெரி மார்த்தா மால்ட் அம்மையார் நம் பெண்களுக்கு லேஸ் வேலை கற்றுக்கொடுத்து 200 வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் கைப்பழக்கம் இன்னும் இருக்கிறது.

அந்த மாதளம்பழங்களுக்கு வசனம் சொல்லும் நூல்கள் இளநீலம், இரத்தாம்பரம், சிவப்பு. இளநீலமும் சிவப்பும் சுலபமாகக் கிடைத்தன. இரத்தாம்பரத்துக்குத்தான் பெரும்பாடு. ரத்தச் சிவப்பு என்றே பலரும் நினைத்திருந்தோம். வசனத்தில் சிவப்புநூல் தனியாக வருகிறதே என்று போதகரம்மாதான் எடுத்துக்காட்டி, இது கடல் நத்தையிலிருந்து எடுத்த ஊதாச் சாயம் என்று விளக்கினார்கள். நாலு கடை ஏறி இறங்கி அந்த ஊதாவைக் கொண்டுவந்த வாலிபர் சங்கத் தம்பிக்கு நன்றி.

பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது நனைத்துப் பார்த்தோம். சிவப்பு நூல் சாயம் விட்டு, ஏழு பழத்தைச் சுற்றி வெள்ளைத் துணியெல்லாம் கறை. நான் அழுதுவிட்டேன். பெரியம்மா கத்தரிக்கோலைத் தொடவே இல்லை. ஊசிமுனையால் இழை இழையாக நெம்பி எடுத்தார்கள், துணியில் ஒரு நூல்கூட அறவில்லை. பிறகு, "கறை மறையுற அளவுக்குப் பழத்தைப் பெருசா வரை" என்றார்கள். இடப்பக்கத்து ஏழு பழங்கள் மட்டும் கொழுத்திருப்பது அதனால்தான்.

தேவ ஆவியால் நிரப்பினேன் என்று யாத்திராகமத்தில் கர்த்தர் பெயர் சொல்லிச் சொல்வது பெசலெயேலை. அவர் ஆசாரியர் அல்ல, கைவேலைக்காரர். அவரோடு "ஞான இருதயமுள்ள ஸ்திரீகள்" நூல் நூற்றுக் கொண்டுவந்தார்கள். அவர்கள் பெயர் அங்கே இல்லை. நம் அக்காமாரும் பெயர் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

ஆராதனை முடிந்ததும் விரிப்பைப் பக்கத்தில் வந்து பாருங்கள். பின்புறத்தையும் திருப்பிப் பாருங்கள், ஒரு முடிச்சுகூடக் கண்ணில் படாது.

கர்த்தரின் பணியில்,
உங்கள் சகோதரி