நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்துக்குக் கூட்டு நிர்வாகம் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1986 செப்டம்பர் 1 அன்று நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம், மூன்று மாநிலங்களில் 5,520 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கிறது. முதுமலையும் முக்கூர்த்தியும் தமிழகத்திலும், பந்திப்பூரும் நாகரஹொளேயும் கர்நாடகத்திலும், வயநாடும் அமைதிப் பள்ளத்தாக்கும் கேரளத்திலும் உள்ளன. ஒரே காப்பகமாக அறிவித்துவிட்டோமே தவிர, அதை ஒன்றாகப் பேணும் அதிகாரம் கொண்ட அமைப்பு எதையும் இன்றுவரை உருவாக்கவில்லை.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றை அங்கீகரிக்கிறது. உயிர்க்கோளக் காப்பகத்துக்கு அச்சட்டத்தில் இடமே இல்லை. ஆகவே தமிழக – கர்நாடக எல்லையிலுள்ள கக்கநல்லா சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் ஒரு வனத்துறை, அந்தப் பக்கம் வேறொரு வனத்துறை என்றே நிர்வாகம் நடக்கிறது.

இதனால் நேரும் ஆபத்துக்கு யானைகளே சான்று. பந்தலூர் பகுதியில் பிடிக்கப்பட்டு, ரேடியோ காலர் பொருத்தி முதுமலையில் விடப்பட்ட மக்னா (தந்தமில்லாத ஆண்) யானை, 2023 ஜனவரியில் கேரளத்தின் சுல்தான் பத்தேரி நகருக்குள்ளேயே புகுந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், கர்நாடக வனத்துறை காலர் பொருத்தி விட்ட இன்னொரு மக்னா, மானந்தவாடி அருகே ஒருவரை மிதித்துக் கொன்றது. அதன் காலர் தரும் தகவல் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்று கேரளத் தரப்பு அப்போது முறையிட்டது. யானை எங்கே நிற்கிறது என்பதைக் காட்டத்தான் அந்தக் கருவி. யானை மாநில எல்லையைத் தாண்டிய நிமிடத்திலேயே கருவி தரும் சமிக்ஞை பக்கத்து மாநில வனக் காவலரின் கைப்பேசிக்கு வந்து சேராவிட்டால், அதைப் பொருத்தி என்ன பயன்?

அயல் தாவரங்களின் கதையும் இதுதான். அழகுக்காகக் கொண்டுவந்து நட்ட மஞ்சள் கொன்றை (நம் சரக்கொன்றை அல்ல, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சென்னா) இன்று முதுமலையிலும் வயநாட்டிலும் பந்திப்பூரிலும் அடர்ந்து பரவியிருக்கிறது. மரத்தை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பலவாகத் துளிர்க்கும். அதன் நிழலில் புல் முளைக்காது. மானும் காட்டெருதும் மேய ஒன்றும் மிஞ்சாது. தமிழக வனத்துறை இம்மரங்களை அகற்றிக் காகித ஆலைக்கு அனுப்பி வருவது மிக நல்ல பணி. ஆனால் எல்லைக்கு அப்பால் ஒரு மரக்கூட்டம் விட்டுப்போனாலும் அதன் விதை மீண்டும் இங்கே வந்து முளைக்கும். வேர் பிடுங்குவதும் பட்டை உரிப்பதும் மூன்று மாநிலங்களிலும் ஒரே பருவத்தில் நடந்தாக வேண்டும்.

இணைந்து செயல்பட முடியாது என்று சொல்வதற்கில்லை. 2024 மார்ச்சில் பந்திப்பூரில் கேரளமும் கர்நாடகமும் மனித – வன உயிரின மோதலைச் சமாளிக்க உடன்படிக்கை செய்துகொண்டன. அதே ஆண்டு மே மாதம் தென் மாநிலங்கள் ஒரே நாட்களில் யானைக் கணக்கெடுப்பை நடத்தின. இவையெல்லாம் அவ்வப்போது கூடிக் கலைகின்ற ஏற்பாடுகளாகவே நின்றுவிடுகின்றன என்பதுதான் என் வருத்தம்.

எனவே மூன்று மாநில அரசுகளும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் சேர்ந்து, சட்ட வலுவும் தனி நிதியும் கொண்ட நிரந்தரக் கூட்டு ஆணையம் ஒன்றை அமைக்க வேண்டும். காலர் தகவல், காட்டுத்தீ எச்சரிக்கை, அயல் தாவர அகற்றம், யானை வழித்தடப் பாதுகாப்பு ஆகிய நான்கையும் அதன் பொறுப்பில் விடலாம். காட்டுநாயக்கர், குறும்பர், இருளர், பணியர் உள்ளிட்ட பழங்குடிகளின் பிரதிநிதிகள் அதில் வாக்குரிமையுள்ள உறுப்பினர்களாக இருக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்கும் உரிமையைக் கிராம சபைகளுக்கு ஏற்கெனவே வழங்கியிருக்கிறது. கோடைக்கு முன்பே, தீத்தடுப்புக் கோடுகள் வெட்டும் பணியிலிருந்து இந்தக் கூட்டு முயற்சியைத் தொடங்குமாறு தமிழக அரசைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.