சான் ஃபிரான்சிஸ்கோ பயணத் திட்டத்தில் குறைபாடுகள்: திருத்தித் தரவோ கட்டணத்தைத் திருப்பித் தரவோ கோரும் புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: ஜூலை மாதப் பயணத்துக்குத் தாங்கள் அனுப்பிய நான்கு நாள் திட்டம், அந்த ஊரின் வானிலைக்கும் நடைமுறைக்கும் பொருந்தாதது குறித்து.

ஐயா / அம்மையீர்,

ஜூலை இரண்டாம் வாரத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நான்கு நாள் தங்குவதற்காக, 'தனிப்பட்ட பயணத் திட்டம்' என்ற பெயரில் முழுக் கட்டணமும் பெற்றுக்கொண்டு தாங்கள் அனுப்பிய பிடிஎஃப் வந்து சேர்ந்தது. வயதான இருவர் உட்பட ஆறு பேர் போகிறோம் என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தோம். வந்த திட்டத்தில் விமான எண்ணையும் ஓட்டல் பெயரையும் எடுத்துவிட்டால் மீதியை மயாமிக்கும் கொடுக்கலாம், பார்சிலோனாவுக்கும் கொடுக்கலாம். சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத்தான் கொடுக்க முடியாது.

தொலைபேசியில் கேட்டபோது தங்கள் பிரதிநிதி, "வானிலை எங்க கையில இல்ல சார்" என்று முடித்துக்கொண்டார். இல்லைதான். ஆனால் ஜூலையில் அங்கே மூடுபனி வருவது எதிர்பாராத விபத்து அல்ல. எந்தப் பக்கத்திலிருந்து வரும், எத்தனை மணி வாக்கில் விலகும், எந்தப் பேட்டையில் முதலில் வெயில் அடிக்கும் என்பதெல்லாம் அந்த ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போன சங்கதி. அதைக் கணக்கில் எடுத்து இடங்களையும் நேரங்களையும் அமைப்பதற்குத்தான் கட்டணம் கொடுத்தோம்.

முதல் பக்கத்து உடைப் பட்டியலில் "கலிஃபோர்னியா கோடை: மெல்லிய பருத்தி உடை, ஷார்ட்ஸ், செருப்பு" என்று இருக்கிறது. ஜூலையில் நகரின் சராசரிப் பகல் உச்சம் 20 டிகிரி செல்சியஸை எட்டினால் அதிகம். இரவில் 12, 13 டிகிரி. இதோடு கடற்காற்று வேறு. அதே நாளில் கிழக்கே உள்நாட்டில் இருக்கும் லிவர்மோரில் 32 டிகிரி அடிக்கும். தங்கள் பட்டியல் லிவர்மோருக்கு எழுதியது போலிருக்கிறது. இந்த ஊருக்கு வேண்டியது அடுக்கடுக்கான உடை: உள்ளே பருத்திச் சட்டை, மேலே மெல்லிய ஸ்வெட்டர், அதற்கும் மேல் காற்றுப் புகாத ஜெர்கின். மூன்றையும் பகலெல்லாம் பையில் வைத்துக்கொண்டு போட்டும் கழற்றியும் திரிய வேண்டும். குடை அநேகமாகத் தேவைப்படாது, ஏனென்றால் அங்கே மழை பெரும்பாலும் நவம்பரிலிருந்து மார்ச் வரைதான். அதையும் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். அட்டையில் "ஜூலை, ஆகஸ்ட்: மிகச் சிறந்த பருவம்" என்று அச்சிட்டிருப்பதும் தவறு. நகரில் வெதுவெதுப்பும் தெளிவும் சேர்ந்து வருவது செப்டம்பர், அக்டோபரில்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறோம், திட்டம் போடுபவருக்கு உதவும். கோடையில் வடமேற்குக் காற்று கரையோரமாக வீசி மேல்நீரைத் தள்ளிக்கொண்டு போகிறது. ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. ஜூலையிலும் கடல்நீர் 12 முதல் 14 டிகிரிதான். அதன்மேல் தவழ்ந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்து பனியாகிறது. உள்நாட்டுச் சமவெளி பகலில் கொதித்து மேலெழும்ப, அந்த வெற்றிடத்துக்கு இந்தக் குளிர்காற்று இழுபடுகிறது. கரையோர மலைத்தொடரில் பெரிய வாசல் கோல்டன் கேட் நீரிணைதான் என்பதால் பனி பெரும்பாலும் அந்த வழியாகப் புகும். சாதாரணமாக மாலை நான்கு, ஐந்துக்கு மேல் ஏறி, இரவெல்லாம் தங்கி, மறுநாள் முற்பகலில் கிழக்கிலிருந்து மேற்காகக் கலையும். சில நாள் மேற்கோரத்தில் கலையவே கலையாது.

நகரின் நடுவே ட்வின் பீக்ஸ் குன்றுகள் சுமார் 280 மீட்டர் உயரத்தில் நிற்கின்றன. அவற்றுக்கு மேற்கே இருக்கும் சன்செட், ரிச்மண்ட் பேட்டைகள் பனிக்குள் கிடக்கையில், கிழக்கே மிஷன் பேட்டையில் மக்கள் புல்தரையில் படுத்து வெயில் காய்வார்கள். அண்ணா நகரில் வியர்த்துக்கொண்டிருக்கும்போது பெசன்ட் நகரில் ஸ்வெட்டர் தேடுவது நமக்கு வேடிக்கை, அங்கே அன்றாடம். தங்கள் திட்டத்தில் ஊர் முழுவதற்கும் "22 டிகிரி, வெயில்" என்று ஒரே வரி. கைபேசிச் செயலியில் தெரிந்த முதல் எண்ணை எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறோம். அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் தளத்தில் வரைபடத்தில் தொட்ட இடத்துக்குத் தனித்தனியாக முன்னறிவிப்பு கிடைக்கிறது, அதுவும் இலவசமாக.

அடுத்தது பாலம். இரண்டாம் நாள் காலை 8 மணிக்கு "கோல்டன் கேட் பாலம், புகைப்படம், 30 நிமிடம்". ஜூலைக் காலை எட்டுக்கு அங்கே போனால் படத்தில் விழுவது பெரும்பாலும் வெள்ளைத் திரைதான். முற்பகல் 11 மணிக்கு மேல் வைத்திருக்கலாம். அதைவிட முக்கியம், பனி எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்த்து இடத்தை மாற்ற இரண்டு வழி கொடுத்திருக்க வேண்டும். பாலத்தின் கோபுரம் நீர்மட்டத்திலிருந்து 227 மீட்டர். சாலைத் தளத்துக்கும் நீருக்கும் இடைவெளி சுமார் 67 மீட்டர். பனி தாழ்வாகப் படர்ந்தால் பாலம் கடந்து வடகரையான மரின் பக்கம் ஹாக் ஹில் குன்றுக்கு ஏற வேண்டும். அது ஏறத்தாழ 280 மீட்டர் உயரம், கோபுர முனைகள் பனிக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்பதை அங்கிருந்து பார்க்கலாம். பனி கூரை போல உயரத்தில் நின்றால் மேலே ஏறிப் பயனில்லை. கீழே ஃபோர்ட் பாயிண்ட் அல்லது கிரிஸ்ஸி ஃபீல்டுக்கு இறங்கினால் பாலத்தின் அடிப்பகுதியும் வளைவும் முழுதாகத் தெரியும். நேரடிக் கேமராவில் இரண்டு நிமிடம் பார்த்தால் அன்று எது பொருந்தும் என்று முடிவு செய்துவிடலாம். தங்கள் திட்டத்தில் இருப்பது ஒரே வாகன நிறுத்துமிடம், ஒரே நேரம்.

மூன்றாம் நாள் இன்னும் வேடிக்கை. "மாலை 6.30: ட்வின் பீக்ஸில் சூரிய அஸ்தமனம்." ஜூலையில் அங்கே சூரியன் மறைவது இரவு எட்டரை மணி வாக்கில்! அதற்குள் மேற்கிலிருந்து பனி ஏறிக் குன்றையே மூடிவிடுவது வழக்கம். காற்றில் நிற்கக்கூட முடியாது. பிற்பகல் ஒன்று, இரண்டு மணிக்கு அங்கே போய்விட்டு, மாலையை மிஷனில் கழிக்கும்படி மாற்ற வேண்டும். அதே நாளில் "ஓஷன் பீச்சில் குளியல், 1 மணி நேரம்" என்றிருப்பதை அறவே நீக்குங்கள். தண்ணீர் எப்படிப்பட்ட குளிர் என்று மேலே சொல்லியாயிற்று. ஆளை உள்ளே இழுத்துச் செல்லும் நீரோட்டங்களுக்குப் பேர்போன கடற்கரை அது. எச்சரிக்கைப் பலகைகளும் நட்டிருக்கிறார்கள். பெரியவர்களையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு போகும் குடும்பத்துக்கு இப்படி எழுதிக் கொடுப்பது கவனக்குறைவு என்ற வார்த்தைக்குள் அடங்காது.

பழைய சிறை இருக்கும் அல்கட்ராஸ் தீவுக்கு "அங்கேயே சீட்டு வாங்கிக்கொள்ளலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நகரின் பியர் 33 துறையிலிருந்து புறப்படும் படகுக்குச் சுமார் 90 நாளுக்கு முன்பே விற்பனை தொடங்குகிறது. கோடையில் வாரக்கணக்கில் முன்னதாகத் தீர்ந்துவிடும். தீவின் படகுத்துறையிலிருந்து சிறைக்கூடம் வரை ஏறுவது பதின்மூன்று மாடி ஏறுவதற்குச் சமம். நடக்க முடியாதவர்களுக்கு மின்வண்டி உண்டு என்ற ஒரு வரி எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்காகவாவது இருந்திருக்கலாம்.

மியூர் உட்ஸ் ரெட்வுட் மரக் காட்டிலும் இதே கதை. "வாடகைக் காரில் நேரே செல்லவும்" என்று போட்டிருக்கிறது. 2018 ஜனவரியிலிருந்து காரை நிறுத்தவோ ஷட்டில் பேருந்தில் போகவோ முன்பதிவு கட்டாயம். அங்கே கைபேசி சிக்னல் கிடையாது. பதிவுச் சீட்டை முன்கூட்டியே தரவிறக்கி வைத்திருக்காவிட்டால் வாசலில் நின்று தவிக்க வேண்டியதுதான். பெட்டிகளைக் காரிலேயே வைத்துவிட்டு ஊர் சுற்றச் சொல்லும் நான்காம் நாள் குறிப்பைப் பற்றி என்ன சொல்ல! கார்க் கண்ணாடியை உடைத்துத் திருடுவதற்குப் பெயர்போன ஊர் அது. அறையைக் காலி செய்த பிறகும் பெட்டிகளை ஓட்டலிலேயே ஒப்படைத்துவிட்டுப் போகும்படி எழுத வேண்டும்.

கடைசியாக விமானம். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து காலை 9.30-க்கு வந்திறங்கி 11 மணிக்கு முன்பதிவு செய்த உலாவில் சேர வேண்டுமாம். சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தின் இணை ஓடுபாதைகளுக்கு இடைவெளி சுமார் 230 மீட்டர்தான். காலையில் மேகம் தாழ்ந்திருந்தால் பக்கத்தில் பக்கத்தில் விமானங்களை இறக்க முடியாது, வரிசை நீளும். அப்போது முதலில் தரையிலேயே நிறுத்திவைக்கப்படுவது இப்படிப்பட்ட குறுந்தூர விமானங்கள்தான். வந்திறங்கும் நாளில் நேரம் குறித்த சீட்டு எதுவும் கூடாது. சும்மா நடந்து பார்க்கும் ஃபெர்ரி பில்டிங் பகுதியை அன்றைக்கு வைத்துக்கொண்டால் போதும்.

எங்கள் கோரிக்கை இதுதான். மேற்கண்டவற்றைத் திருத்தி, ஒவ்வொரு நாளுக்கும் பனி இருந்தால் ஒரு வரிசை, இல்லாவிட்டால் ஒரு வரிசை என்று இரண்டாகப் பிரித்த திட்டத்தை, அல்கட்ராஸ், மியூர் உட்ஸ் முன்பதிவுகளுடன், இக்கடிதம் கிடைத்த ஏழு நாளுக்குள் அனுப்ப வேண்டும். மிரட்டுவதற்காக ஏழு நாள் என்று சொல்லவில்லை; அதற்குமேல் போனால் படகுச் சீட்டு கிடைக்காது. முடியாதென்றால் திட்டக் கட்டணம் முழுவதையும் திருப்பித் தாருங்கள், நாங்களே பார்த்துக்கொள்கிறோம். விமான, ஓட்டல் பதிவுகளில் எங்களுக்குக் குறையில்லை.

இரண்டும் நடக்காவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சேவைக் குறைபாடு என்று எங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுச் செய்வோம். தாங்கள் அனுப்பிய திட்டத்தின் நகல், பிழைகளைக் குறித்த பிரதி, கட்டண ரசீது ஆகியவை இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
பயணக் குழுவினர் சார்பாக,
(ஒப்பம்)