தாலியும் ரிஜிஸ்டரும்

சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள மகளுக்கு,

தமிழில் எழுதுகிறேன். மாப்பிள்ளை உன் கைப்பையைக்கூடக் குடைகிறார் என்றாயே, தமிழ்ப் பள்ளிக்கூடப் பக்கமே போகாத மனுஷன், இதைப் படித்துவிட மாட்டார். சனிக்கிழமை வகுப்புக்கு நீ அழுதுகொண்டே போனது இன்றைக்கு உதவுகிறது பார்.

கல்யாணம் இங்கே கோயிலில் நடந்ததால் டர்பனுக்கு வந்துதான் விவாகரத்து கேஸ் போட வேண்டுமா என்று கேட்டாய். வேண்டாம். தாலி எங்கே ஏறியது என்று கோர்ட் பார்க்காது. கேஸ் போடும் நாளில் உங்களில் ஒருவருக்காவது வீடு வாசல் எங்கே என்பதுதான் கணக்கு. நீ மூன்று வருடமாக ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேஷியாவில் இருக்கிறாய், அந்தப் பகுதிக்கான ரீஜனல் கோர்ட் போதும், அது ஹைகோர்ட்டுக்குக் கீழே உள்ளது. 2010 முதல் அவர்களும் விவாகரத்து வழக்கை எடுக்கிறார்கள். ஹைகோர்ட்டுக்கும் போகலாம், ஆனால் செலவு ஏறும். எல்லாம் கோயிலில் கூழ் ஊற்றும்போது பக்கத்தில் நின்ற வக்கீல் பெண்ணிடம் கேட்டது. உன் பெயரைச் சொல்லவில்லை.

சம்மனை ஷெரிஃப், அதாவது கோர்ட் காகிதங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் அதிகாரி, மாப்பிள்ளை கையில் நேரில் கொடுக்க வேண்டுமாம். அவர் வேலை செய்யும் இடத்து விலாசத்தையும் எழுதிக்கொள்.

உன் மாமியார் "தாலி கட்டியாச்சு, கையெழுத்து எதற்கு?" என்றது ஞாபகம் இருக்கிறதா? அரசாங்கத்தில் பதிந்த திருமண அதிகாரியான ஐயர்தான் வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். அன்று ரிஜிஸ்டரில் கையெழுத்து விழாமல் போயிருந்தால், விவாகரத்துச் சட்டத்தின் கண்ணில் உனக்குக் கல்யாணமே ஆகியிருக்காது.

சரி, பிள்ளைகள். கஸ்டடி என்று நாம் சொல்வதை 2005 குழந்தைகள் சட்டம் பராமரிப்பு, தொடர்பு என்று இரண்டாகப் பார்க்கிறது. யாரோடு வளர்வது, மற்றவர் எப்போது வந்து பார்ப்பது என்று. சம்மனோடு 'அனெக்சர் ஏ' படிவமும் வைக்க வேண்டும், அது ஃபேமிலி அட்வகேட்டுக்குப் போகும். பெயரைக் கேட்டுப் பயப்படாதே, அவர் உனக்கோ மாப்பிள்ளைக்கோ வக்கீல் இல்லை. பிள்ளைகளுக்கு எது நல்லது என்று கோர்ட்டுக்குச் சொல்பவர், காசும் வாங்குவதில்லை. பெரியவனுக்குப் பதினொரு வயது, அவன் மனதையும் கேட்பார்கள். அப்பாவைப் பற்றி அவனிடம் எதுவும் ஓதி வைக்காதே.

ஜீவனாம்சத்துக்குக் கேஸ் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பக்கத்து மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மெயின்டெனன்ஸ் பிரிவில் இப்போதே எழுதிக் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. வக்கீலுக்கு வழியில்லை என்றால் லீகல் எய்டில், அதுதான் அரசாங்கச் சட்ட உதவியில், கேள், வருமானத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வார்கள்.

போன தைப்பூசக் காவடிக்கு வந்தபோதே நீ சொன்னாய். ஊர் வாய்க்குப் பயந்து "பொறுத்துப் போ" என்று அனுப்பிவிட்டேன். ஒரு வருடத்தை உனக்குக் கெடுத்தவள் நான்தான்.

திருமணச் சான்றிதழும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் என் பீரோவில்தான் இருக்கின்றன. தம்பி வெள்ளிக்கிழமை ஜோகன்னஸ்பர்க் வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். மாங்காய் அச்சார் ஒரு பாட்டில் இருக்கும். சின்னவளுக்குக் காரம் ஆகாது, கழுவிக் கொடு.

அம்மா