குப்பியோ பெரியவருக்கு நன்றி

மே 15 அன்று இத்தாலியின் குப்பியோவில், புனிதர் சிலை தாங்கிய மரத்தூண்களைத் தோளில் சுமந்து ஓடும் ‘செரி’ திருவிழாவில் எங்களை ஓரமாக நிறுத்தி வழிகாட்டிய, பெயர் தெரியாத பெரியவரே, மிக்க நன்றி ஐயா!

நண்பகலில் மூன்று மரத்தூண்களை நிமிர்த்துவார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 280 கிலோ. அடிப்பகுதியில் நீரூற்றி, மண்கூஜாவைக் கூட்டத்துக்குள் வீசுவார்கள். அண்ணாந்து பார்த்தபடியே நிற்கச் சொன்னீர்கள், தலை தப்பியது. விழுந்துடைந்த ஓடு ஊராருக்கு அதிர்ஷ்டம்; எங்களுக்கும் ஒன்று பொறுக்கித் தந்தீர்களே!

மாலை 6 மணி ஓட்டத்துக்கு வளைவின் வெளிப்பக்கம் நிற்கவே கூடாது. வேகத்தில் தூண் அந்தப் பக்கம்தான் சாயும். தூண்களின் உச்சியில் நிற்கும் புனித உபால்டோ, ஜார்ஜியார், வனத்து அந்தோனியார் என்ற வரிசை மாறாது, யாரும் முந்துவதில்லை. ஓட்டம் முடியும் மலைக்கோயிலில் ஜார்ஜியார் தூண் நுழையுமுன் கதவைச் சாத்த, உபால்டோ தூணைச் சுமக்கும் அணி முயலும். உண்மையான போட்டி அங்கேதான்.